பலெர்மோவுக்கு ஏன் போனோம்

பிள்ளைகளே, இதை நீங்கள் இருவரும் ஒன்றாக இருந்து வாசியுங்கள். தம்பிக்குத் தமிழ் எழுத்து ஓடாத இடத்தில் அக்கா வாசித்துக் காட்டட்டும். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்துப் பிழைகள் கட்டாயம் இருக்கும். சொல்லும் விஷயத்தில் இந்த முறை பிழை இல்லை.

இத்தாலிக்காரர் ஜெர்மனியை உதைபந்தாட்டத்தில் வென்ற கோடைகாலம் உங்களுக்கு நினைவிருக்கும். தம்பி அந்த இரவு படுக்கைக்குள் போய் அழுதான். இரண்டு மாதம் கழித்து, பேர்லின் நொய்கெல்ன் வீட்டுக் குசினி மேசையில் நான்கு விமானச் சீட்டுகளை வைத்து, இலையுதிர்கால விடுமுறைக்குப் பலெர்மோ போகிறோம் என்று நான் சொன்னபோது அவன் கரண்டியைக் கீழே போட்டான்.

"இத்தாலிக்கோ? அப்பா, அவங்கள் எங்களை வெண்டவங்கள்! நான் வரமாட்டன்."

"நீ வராட்டி நல்லம். ஜன்னல் சீட் எனக்கு," என்றாள் அக்கா.

"மகன், அவங்கள் பந்துதானே அடிச்சவங்கள். உன்ர சாப்பாட்டையே பறிச்சவங்கள்?" என்று அம்மா கரண்டியை எடுத்துக் கழுவித் தந்தாள்.

அதுவரை எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் டோர்ட்முண்டில் மாமா வீடு, இல்லாவிட்டால் கோயில் திருவிழா. அதற்கும் முந்திய காலத்தில் எங்களிடம் இருந்த கடதாசியோடு இந்த நகரத்தின் எல்லையைத் தாண்டவே ஏலாது. பிறகுதான் நீல நிறத்தில் ஒரு பயணப் புத்தகம் தந்தார்கள். எங்கள் சொந்த நாட்டைத் தவிர வேறெங்கும் போகலாம் என்று அதில் அடித்திருந்தது. அதை நான்கு வருடம் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்துவிட்டு, முதல்முறையாக எடுத்தது அந்தப் பயணத்துக்குத்தான்.

அக்காவுக்கு அந்த விடுமுறை முடிந்ததும் வகுப்பில் பேச வேண்டியிருந்தது. ஒரு பழைய நகரத்தைத் தெரிந்தெடுத்து, மற்றவர்கள் அங்கே ஏன் விடுமுறைக்குப் போக வேண்டும் என்று பத்துக் காரணம் சொல்ல வேண்டும். கொப்பியும் பென்சிலுமாக வந்து என் முன்னால் இருந்தாள்.

"சொல்லுங்கோ அப்பா. ஏன் பலெர்மோ?"

நான் சொன்னேன். ஒக்டோபரிலும் கடல் சூடாக இருக்கும். பெரிய தேவாலயத்தின் தூண் ஒன்றில் அரபு எழுத்து வெட்டியிருக்கும், அதை யாரும் அழிக்கவில்லை. அரபுக்காரர் கட்டினதை வடக்கிலிருந்து வந்தவர் திருத்தினார், அவர் விட்டதை ஸ்பானியர் திருத்தினார், இடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாம் நிற்கும். சந்தையில் கடலைமாவைப் பலகைபோல் தட்டி எண்ணெயில் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள், எங்கள் வாய்க்குப் பிடிக்கும். நகரத்துக்குப் பக்கத்திலேயே மலை இருக்கிறது, அதன் உச்சியில் குகைக்குள் ஒரு பெண் புனிதர் இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள தமிழர்கள், சைவ சமயத்தவர்கூட, விடிய எழும்பி அந்த மலைக்கு நடந்து ஏறுவார்கள்.

"இவ்வளவும் எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"சாப்பாட்டுக் கடையில முதலாளி சொன்னவர்."

காரணங்கள் எல்லாம் உண்மை. முதலாளி சொன்னது என்பது மட்டும் பொய். அவர் இத்தாலியின் வடக்குப் பக்கத்துக்காரர். பலெர்மோவுக்குப் போகிறேன் என்றதற்கு, "அது இத்தாலியே இல்லை" என்று மாவைத் தட்டிக்கொண்டு சொன்னவர். அவருடைய அடுப்படியில் நான் ஏழு வருடம் வேலை செய்தேன். ஏழு வருடமும் எனக்கு அவருடைய மொழி விளங்காது என்றே நடித்தேன். அவர் என்னை இத்தாலியனில் ஏசுவார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். "பார், ஏசினாலும் சிரிக்கிறான், நல்ல மனிசன்" என்று அதையும் இத்தாலியனிலேயே மற்றச் சமையல்காரரிடம் சொல்லுவார்.

ஏன் நடித்தேன் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அக்கா பிறப்பதற்கு முந்திய கோடையில் நானும் அம்மாவும் நாட்டைவிட்டு வெளிக்கிட்டோம். அம்மா பிள்ளைத்தாய்ச்சி என்றபடியால் அவளை விமானத்தில் நேரே அனுப்பிவிட்டு, என்னை வேறு வழியால் கொண்டுவருவதாகக் காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொன்னான். அந்த வேறு வழி பலெர்மோவோடு நின்றுபோயிற்று. சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டின் மேல் அறையில் ஒன்பது பேர் இருந்தோம். எங்களுடைய பெயர்களை நாங்களே பாவிக்கக் கூடாது என்பது ஏஜென்சிக்காரனின் கட்டளை. கள்ளப் பாஸ்போட்டில் என்ன பெயரோ அந்தப் பெயரால்தான் ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டும், அப்போதுதான் எல்லையில் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாது. அப்படி எனக்கிருந்த பெயரை இங்கே எழுத மாட்டேன். அது இன்னொருவருடைய பெயர்.

அந்த அறையில் மூத்தவர் மன்னார்க்காரர் ஒருவர். வேதக்காரர், கிறிஸ்தவர். அவரை எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். தனியாக இருந்த ஒரு கிழவியின் வீட்டில் சமைத்து, துப்புரவாக்கி, அதில் வருவதில் வேலை கிடைக்காத எங்களுக்கும் சாப்பாடு போட்டார். நான் போய்ச் சேர்ந்த முதல் நாள், சந்தையில் கள்ளிப்பழக் குவியலைக் கண்டு ஆசையில் வெறுங்கையால் அள்ளிவிட்டேன். மயிர்போல நூற்றுக்கணக்கான முள் விரல்களுக்குள் இறங்கிவிட்டது. அண்ணை என்னை ஜன்னல் வெளிச்சத்தில் இருத்தி, கிழவியிடம் இரவல் வாங்கிய கண்புருவம் பிடுங்கும் கவ்வியால் ஒவ்வொன்றாக எடுத்தார். "மன்னாரில மாடுகூட இதைப் பாத்துத்தான் கடிக்கும். யாழ்ப்பாணத்தாருக்கு அது விளங்காது என்ன?" என்று முழு நேரமும் நக்கலடித்தார். எனக்கு இத்தாலியனும் அவர்தான் சொல்லித் தந்தார்.

ஜனவரியில் ஏஜென்சிக்காரன் வந்து, வடக்கே போகும் காரில் ஒரு ஆளுக்கு மட்டும் இடம் என்றான். வரிசைப்படி அது அண்ணையின் முறை. பையும் கட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவனை ஏத்து," என்றார். "இவன்ர மனிசி அங்க தனிய. மாசம் ஆகுது."

"பிறகு என்னை நம்பி இருக்கேலாது. அடுத்தது எப்ப எண்டு எனக்கே தெரியாது," என்றான் அவன்.

"எனக்கென்னடா அவசரம், கிழவிக்குச் சமைச்சுப் போட்டுக்கொண்டு இருப்பன். வாற கிழமை வாறன்." என்னிடம் திரும்பி, "போய்ப் பிள்ளையைப் பார். எனக்கு ஒரு காயிதமும் போடாத. உனக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்" என்றார்.

நான் பேர்லினுக்கு வந்து ஒன்பதாம் நாள் அக்கா பிறந்தாள். தாதி கத்தரிக்கோலை என் கையில் தந்தாள். கொப்பூழ்க்கொடியை வெட்டினது நான். மகளே, இதை நீ பலமுறை கேட்டிருக்கிறாய். அந்தக் கத்தரிக்கோலைப் பிடிக்க நான் அங்கே நின்றதற்கு ஒரே காரணம், இன்னொருவர் கட்டிய பையை அவிழ்த்து வைத்ததுதான்.

அகதி விசாரணையில் எந்தெந்த நாடுகளால் வந்தாய் என்று கேட்டார்கள். வழியில் இன்னொரு நாட்டில் தங்கியவரை அந்த நாட்டுக்கே திருப்பிவிடலாம் என்று சட்டம் வந்திருந்த காலம். எங்களில் பலரும் ஒரே பதிலைத்தான் பாடமாக்கியிருந்தோம். நானும் அதையே சொன்னேன். பாரவண்டியின் பெட்டிக்குள் இருந்தேன், வெளிச்சம் இல்லை, ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு பலெர்மோ என்ற சொல்லும் இத்தாலியனும் என் வாயில் வரவில்லை. காயிதம் போடவில்லை. வாற கிழமை வருவேன் என்றவர் வரவும் இல்லை. அம்மாவுக்கு நான் இத்தாலியில் இருந்தது தெரியும். அண்ணையைப் பற்றி அவளுக்கும் முழுதாகச் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருடம் போயிற்று. ஜெர்மன் குடியுரிமைக்கு அன்ட்ராக், விண்ணப்பம்தான், எழுதிக் கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து நான் அங்கே போக நினைத்தது மடைத்தனம் என்று எனக்கே தெரியும்; விசாரணையில் சொன்ன பொய் வெளியே வந்தால் எல்லாம் போய்விடும். ஆனால் குடியுரிமை கிடைத்துவிட்டால் நான் முழுதாக இந்த நாட்டு ஆள், பிறகு அவரைத் தேட இன்னும் வெட்கமாக இருக்கும் என்று ஒரு எண்ணம். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறும் ஆட்களுக்குள் அவர் கட்டாயம் இருப்பார். காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு நான் தனியாக ஏறுவேன். இதுதான் திட்டம். சீட்டுகளை வாங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், ஞாயிறு பின்னேரம் போய் இறங்கி, சனிக்கிழமை காலமை திரும்புகிறோம், ஞாயிறு காலமை மலையடியில் நிற்கவே வழியில்லை.

அங்கே போனதும் என் கால்கள் என்னைக் காட்டிக் கொடுக்கத் தொடங்கின. இரண்டாம் நாள் தம்பி தண்ணீர் கேட்டான். நான் யோசிக்காமல் ஒரு சின்னக் கோயிலின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், சுவரில் பதித்த குழாயைத் திறந்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் குழாய் தெரியாது. அக்கா கொப்பியில் எதையோ எழுதினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சந்தைக்குப் போனோம். மீன்காரர் கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி கடலைமாப் பலகையைத் தின்றுகொண்டு, "இது சுசியம் மாதிரி, ஆனா இனிப்பில்லை" என்றான். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. பாஸ்போட்டில் இருந்த அந்தப் பெயரை.

நான் திரும்பு முன்னமே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நின்றார். அதில் அதே கிழவி, சிவப்புப் பவளத் தோட்டோடு, மடியில் கத்தரிக்காய்ப் பையை வைத்துக்கொண்டு இருந்தா.

"டேய், நீயல்லோ? இஞ்ச பார் என்னை. நான்தானடா!"

உங்கள் மூன்று பேரையும் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"நீங்கள் ஆளை மாறிப்போட்டியள் அண்ணை," என்றேன். "நாங்கள் பேர்லினில இருந்து வாறம். நான் இஞ்ச முதல் தரம். எனக்கு இந்த ஊரில ஒருத்தரையும் தெரியாது."

எங்கிருந்து வருகிறோம் என்று அவர் கேட்கவில்லை. முதல் தரமோ என்றும் கேட்கவில்லை. விசாரணை மேசைக்கு முன்னால் சொன்னதுபோல, கேட்காததற்கெல்லாம் பதில் என் வாயிலிருந்து தானாக வந்தது. அங்கே அதிகாரி யாரும் இல்லை. மீன்காரரும் கிழவியும் நீங்களும்தான்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"பன்னிரண்டு," என்றாள்.

"எந்த மாசம் பிறந்தனீங்கள்?"

"பெப்ரவரி."

தலையை மெல்ல ஆட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு வர நேரம் எடுத்தது, ஆனால் வந்தது. "ஓம், ஓம். மாறித்தான் போச்சு. எனக்கும் இப்ப கண் சரியில்லை. கண்ணாடி போடு, கண்ணாடி போடு எண்டு இந்தக் கிழவி ஒவ்வொரு நாளும் ஏசுறது."

யார் இவர்கள் என்று கிழவி இத்தாலியனில் கேட்டா. "தெரியாத ஆக்கள் அம்மா," என்று அவரும் இத்தாலியனில் சொன்னார். "ஆனா எங்கட ஆக்கள்." எனக்கு விளங்கியது. விளங்காதவன்போல நின்றேன்.

பக்கத்துத் தட்டில் கள்ளிப்பழம் குவித்திருந்தது. தம்பி கையை நீட்டினான். அண்ணை அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கை வையாதையுங்கோ ராசா! முள்ளு. கண்ணுக்குத் தெரியாது, பிறகு உள்ளுக்குள்ள கிடந்து குத்தும்." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரனின் கத்தியை வாங்கி, இரண்டு முனையையும் வெட்டி, நடுவில் ஒரு கீறல் போட்டு, தோலை விரித்து, பழத்தை மட்டும் கத்தி நுனியில் தம்பிக்கு நீட்டினார். அடுத்தது அக்காவுக்கு. பிறகு அம்மாவுக்கு. கடைசியாக எனக்கும் ஒன்று. வாங்கித் தின்றேன். விதையைத் துப்பவும் எனக்குத் துணிவு வரவில்லை, விழுங்கிவிட்டேன்.

"நல்லாப் படியுங்கோ பிள்ளையள். அப்பாவைப் பாத்துக்கொள்ளுங்கோ," என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். கல்லுத் தெருவில் அந்தச் சக்கரம் கடகடவென்று போன சத்தம் வெகுதூரம் கேட்டது.

"அப்பா, அவருக்கு உங்களைத் தெரியும்," என்றாள் அக்கா.

"இல்லையம்மா. ஆள் மாறிப்போட்டார்."

"அப்ப அந்தக் குழாய் எப்படித் தெரியும்?"

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, நட," என்றாள்.

அதன் பிறகு நீ கேட்கவே இல்லை, மகளே. வெள்ளிக்கிழமை முழுக்க நீ என்னோடு கதைத்தாய், சிரித்தாய், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை கேள்வி கேட்காமல் விட்டால் அது தகப்பனுக்கு எவ்வளவு பெரிய அடி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை காலமை, நீங்கள் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பாண் வாங்க என்று வெளிக்கிட்டேன். கிழவியின் வீட்டு வாசல் எனக்குத் தெரியும். ஒருமுறை லிப்ட் பழுதானபோது அண்ணையோடு சேர்ந்து ஒரு குளிர்சாதனப் பெட்டியை அந்த நான்கு மாடிக்கும் தூக்கியிருக்கிறேன். மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் அதே பித்தளைத் தகட்டில் கிழவியின் பெயர். விரலை வைத்தேன், அழுத்தவில்லை. விமானத்துக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொன்னேன். நாங்கள் வெளிக்கிட இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. மேலே ஜன்னலில் அவருடைய சேட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. தகட்டில் இருந்த பெயரையும் தெரு இலக்கத்தையும் பாண் சுற்றிய கடதாசியில் எழுதிக்கொண்டு திரும்பிவிட்டேன். பாண் சுடச்சுட இருக்கிறது என்று நீங்கள் மெச்சினீர்கள்.

பேர்லினுக்கு வந்து ஒரு கிழமையில் அக்கா வகுப்பில் பேசுவதற்குத் தயாரானாள். ஞாயிறு காலமை குசினியில் எங்களை இருத்தி வாசித்துக் காட்டினாள். கடல், அரபுத் தூண், சிவப்புக் குமிழ்க் கூரைகள், மலை, சந்தை என்று வரிசையாக வந்தது. கடைசியில் நான் சொல்லாத ஒன்று வந்தது. அவள் ஜெர்மனில் எழுதியிருந்ததை என்னால் முடிந்த அளவுக்குத் தமிழில் சொல்கிறேன்: அங்கே ஒருவர் எங்களை வேறு யாரோ என்று நினைத்துவிட்டார். பிழை என்று தெரிந்த பிறகும் எங்களுக்குப் பழம் உரித்துத் தந்தார். அப்படிப்பட்டவர்கள் இருக்கிற ஊருக்குப் போகலாம்.

"இதோட பதினொண்டு," என்றாள். "ரீச்சர் பத்துத்தான் காணும் எண்டவா. ஒண்டை வெட்ட வேணும். கடைசியை வெட்டட்டோ? அது ஊரைப் பற்றி இல்லைத்தானே."

"அதை விடு. கடலை வெட்டு," என்றேன்.

"கடலை வெட்டினா பிறகு அங்க என்ன இருக்கு?" என்று தம்பி சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, கடல் என்று எழுதியிருந்த வரியின் மேல் நேராக ஒரு கோடு போட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை, சாப்பாட்டுக் கடைக்கு ஓய்வு நாள். நீங்கள் பள்ளிக்கூடம், அம்மா வேலை. நான் தனியே குசினி மேசையில் இருந்து, அக்காவின் அந்த வருடத்துப் பள்ளிக்கூடப் படம் ஒன்றை எடுத்தேன். படத்தின் பின்னால் அவள் பிறந்த நாளையும் நேரத்தையும் தமிழில் எழுதினேன். அதற்குக் கீழே, கொப்பூழ்க்கொடியை நான்தான் வெட்டினேன் அண்ணை என்று ஒரு வரி. வேறொன்றும் எழுத வரவில்லை. உறையில் பாண் கடதாசியைப் பார்த்துக் கிழவியின் பெயரையும் தெருவையும் எழுதி, அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாதபடியால், "அம்மாவைப் பார்த்துக்கொள்பவருக்கு" என்று இத்தாலியனில் எழுதினேன். முத்திரை ஒட்டினேன். பிறகு உறையைத் திருப்பினேன்.

அனுப்புகிறவர் பெயர் எழுதும் அந்த மூலையை வெறுமையாக விட்டாலும் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். அன்ட்ராக்குக்குப் பதில் அப்போதும் வந்திருக்கவில்லை. என்னுடைய உண்மையான பெயர், தெரு, வீட்டு இலக்கம், பேர்லின், ஜெர்மனி என்று எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினேன்.

சந்தியில் இருக்கும் மஞ்சள் தபால்பெட்டிக்கு வீட்டுச் செருப்போடேயே நடந்து போனேன். உறையைப் போட்டேன். பிறகு மூடியை மறுபடியும் தூக்கி, அது உள்ளே விழுந்துவிட்டதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன்.